இடம் கிடைத்தது, சேர்ந்தார்களா? ஒரு மாணவத் தன்னார்வலர் குழுவின் ஓராண்டு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சேர்ந்து, வசதி குறைந்த ஒரு பள்ளியின் இறுதியாண்டு மாணவர்களைக் கல்லூரிக்குத் தயார்ப்படுத்த எடுத்த முயற்சியின் பதிவு இது. ஒரு கல்வியாண்டு, அதைத் தொடர்ந்து வந்த விடுமுறை, கல்லூரி திறந்த பிறகான சில மாதங்கள் ஆகியவை இதில் அடங்கும். குழுவின் ஒருங்கிணைப்பில் எனக்கும் பங்கு இருந்தது. பெயர்களும், ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கின்றன.

பள்ளியின் நிலை இதுதான். பெரும்பாலான பெற்றோர் அன்றாடக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதித்த ஆள் அதுவரை யாரும் இல்லை. மேற்படிப்பு பற்றி ஆலோசனை சொல்ல ஓர் ஆசிரியை இருந்தார். ஆனால் அவருக்குப் பாடவேளைகளும் முழுசாக இருந்தன, அலுவலக வேலையும் அவர் தலையில்தான். பள்ளியின் தேர்ச்சி மோசமில்லை. நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் இருந்தார்கள். அப்படியிருந்தும் ஒவ்வொரு ஆண்டும் கல்லூரியில் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஏன் என்று கேட்டால் ‘ஆர்வம் இல்லை’ என்பதே வழக்கமான பதிலாக இருந்தது. நாங்களும் முதலில் அதை நம்பித்தான் போனோம்.

தன்னார்வலர்கள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள். சிலர் தங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். சிலர் சமூகப் பணிச் சான்றிதழுக்காக வந்தவர்கள். அப்படி வந்தவர்களைக் குறைத்து எடைபோட வேண்டியதில்லை. கடைசிவரை நின்றவர்களில் இரண்டு பேர் சான்றிதழுக்காக வந்தவர்கள்தான்.

முதல் பருவம்: சனிக்கிழமை வகுப்புகள்

ஆரம்பத் திட்டம் எளிமையானது. சனிக்கிழமை காலையில் கணக்கு, ஆங்கிலம், மாதிரித் தேர்வு. மாதம் ஒருமுறை ஊக்கப் பேச்சு. முதல் வாரம் வகுப்பறை நிறைந்தது. அடுத்த சில வாரங்களிலேயே பாதி பெஞ்சு காலி.

வராதவர்களை விசாரித்தபோது காரணங்கள் சாதாரணமாகத்தான் இருந்தன. சனிக்கிழமை கடை வேலைக்குப் போகிற பையன்கள், அம்மா வேலைக்குப் போய்விடுவதால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள். வாரம் முழுக்க நடந்த பாடத்தையே மறுபடி கேட்க ஏன் வரவேண்டும் என்று நேரடியாகக் கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை.

ஒரு விஷயம் கவனத்துக்கு வந்தது. வகுப்பில் “சந்தேகம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. வகுப்பு முடிந்து கேட்டருகே போகும்போது இரண்டு மூன்று பேர் கூடவே நடந்து வருவார்கள். “அக்கா, ஃபார்ம்ல கார்டியன்னு கேக்குறாங்க. அப்பா இல்ல, அம்மா பேரைப் போடலாமா?” “அண்ணா, ரெண்டு காலேஜுக்கு அப்ளை பண்ணா தப்பா எடுத்துக்குவாங்களா?” “ஹாஸ்டல்ல சேரலைன்னா சீட்டைப் பிடுங்கிடுவாங்களா?” இப்படிப்பட்ட கேள்விகள்.

ஒரு தன்னார்வலர் இவற்றையெல்லாம் தன் நோட்டில் எழுதிவைத்து வந்தார். யாரும் சொல்லிச் செய்ததல்ல. பருவத்தின் நடுவில் நடந்த கூட்டத்தில் அதை வாசித்தபோது, பாடம் சம்பந்தமான கேள்வி அதில் அரிதாகவே இருந்தது. விண்ணப்பம், பணம், தூரம், சான்றிதழ், வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற பயம்: திரும்பத் திரும்ப இவைதான்.

முதல் முடிவு: விண்ணப்ப மேசை

சனிக்கிழமை நேரத்தில் பாதியை விண்ணப்ப வேலைக்கு ஒதுக்குவது என்று முடிவானது. இது சுலபமாக எடுத்த முடிவல்ல. “பாடம் சொல்லித்தர வந்தோம், கிளார்க் வேலை பார்க்க வரலை” என்று ஒருவர் சொன்னார். விண்ணப்பிக்கும் முறையை ஒரு கையேடாக அச்சடித்துக் கொடுத்தாலே போதும் என்பது இன்னொருவரின் கருத்து.

விவாதத்தைத் திருப்பியது ஓர் ஆய்வு. அமெரிக்காவில் அப்போது கல்வி நிதியுதவிக்கு நீண்ட படிவம் ஒன்றை நிரப்ப வேண்டியிருந்தது. வருமான வரிக் கணக்குப் போட வரும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அங்கேயே அந்தப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்து, பெட்டிங்கர் உள்ளிட்ட பொருளியலாளர்கள் நான்கு பேர் பலனைச் சோதித்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, பள்ளி இறுதியாண்டில் இருந்தவர்களில் அடுத்த மூன்றாண்டுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். நிதியுதவி பற்றிய தகவலை மட்டும் பெற்ற குடும்பங்களில் எந்த முன்னேற்றமும் இல்லை. கையேடு போதும் என்று சொன்னவரே இதைப் படித்துவிட்டு மேசையில் உட்காரப் பெயர் கொடுத்தார்.

சனிக்கிழமை வேலை இருந்தவர்களுக்காக மேசையை ஞாயிறு மாலையிலும் போட்டோம். நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மட்டும் கணக்கு வகுப்பு தொடர்ந்தது.

மேசையில் கண்டது

ஒரு மாணவியின் விண்ணப்பம் நின்றுபோன கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மற்ற பலருடைய சிக்கலும் இதே அச்சில்தான் இருந்தது.

அவருடைய பள்ளிப் பதிவேட்டில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக மட்டும் இருந்தது. அடையாள அட்டையில் முழுப் பெயர். வங்கிக் கணக்கிலோ அதே பெயரின் எழுத்துக்கூட்டல் வேறு. உதவித்தொகைக்கான இணையதளம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து ‘விவரம் பொருந்தவில்லை’ என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டது. எதை முதலில் திருத்துவது என்று அதில் இல்லை. வங்கியில் கேட்டால் அடையாள அட்டையைத் திருத்தி வரச் சொன்னார்கள். அட்டையைத் திருத்தும் இடத்தில் பள்ளிச் சான்றைக் கேட்டார்கள். பள்ளியில் இருந்ததோ முதலெழுத்து மட்டும். கடைசியில் பள்ளிப் பதிவேட்டில் முழுப் பெயரை ஏற்றி, அதை வைத்து அட்டை, அட்டையை வைத்து வங்கி என்று வரிசை பிடிபட்டது. எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆனது. இத்தனைக்கும் அந்தப் பெண் வகுப்பில் முதல் வரிசை மதிப்பெண்காரி. ஆர்வம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் ஓடிபி. பல வீடுகளில் ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். சனிக்கிழமை காலையில் மேசையில் உட்கார்ந்து எண்ணை அடித்தால், குறுஞ்செய்தி எங்கோ ஒரு கட்டட வேலையிடத்தில் போய் விழும். அவர் போனை எடுத்துப் பார்த்துச் சொல்வதற்குள் நேரம் கடந்துவிடும். ஞாயிறு மாலை மேசைக்குக் கூட்டம் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம். அப்பாவே போனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இதைவிட ஆபத்தான ஒன்று எங்கள் பக்கத்திலேயே இருந்தது. அவசரத்தில் தன்னார்வலர்களே மாணவர்களுக்கு மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டைத் தங்கள் போனில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிச் செய்த ஒருவர் உடல்நிலை சரியில்லாமல் ஊருக்குப் போனபோது, அவர் பொறுப்பில் இருந்த மாணவர்கள் யாராலும் தங்கள் விண்ணப்பத்தைத் திறக்கவே முடியவில்லை. அன்றிலிருந்து விதி மாறியது. கணக்கை மாணவரே தொடங்க வேண்டும், பாஸ்வேர்ட் அவர் நோட்டில் அவர் கையெழுத்தில் இருக்க வேண்டும், மீட்பு எண் வீட்டில் உள்ளவருடையதாக இருக்க வேண்டும். மேசையில் மவுஸ் மாணவர் கையில்தான், தன்னார்வலர் பக்கத்து நாற்காலியில். இதனால் வேலை மெதுவானது. ஆனால் இரண்டாவது விண்ணப்பத்தைப் பலரும் உதவியில்லாமலே நிரப்பினார்கள்.

தன்னைப் பற்றிய கட்டுரை கேட்ட கல்லூரிகளுக்கும் இதே விதி. ஒரு மாணவனின் கட்டுரையை ஒரு தன்னார்வலர் ‘கொஞ்சம்’ திருத்தியதில், அது அவன் வாயில் வராத சொற்களால் நிறைந்துவிட்டது. மாதிரி நேர்காணலில் அவனிடமே அந்தக் கட்டுரையிலிருந்து ஒரு கேள்வி கேட்டபோது முழித்தான். அதற்குப் பிறகு தன்னார்வலர் கேள்வி மட்டும் கேட்கலாம், பேனாவைத் தொடக் கூடாது என்று வைத்தோம்.

எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்பதில் இரண்டு பக்கமும் சாய்வு இருந்தது. மாணவர்கள் தெரிந்த ஒரே கல்லூரியை, அதாவது வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் எழுதினார்கள். தன்னார்வலர்கள் தாங்கள் படிக்கும் படிப்பையே சிபாரிசு செய்தார்கள். அதனால் பட்டியலை முடிவு செய்யும் முன் ஒவ்வொருவரும் வெவ்வேறு துறையைச் சேர்ந்த இரண்டு பேரிடமாவது பேச வேண்டும் என்று ஆக்கினோம். கிடைப்பது கஷ்டமான ஓரிடம், கிடைக்கக்கூடிய சில இடங்கள், நிச்சயமாகக் கிடைக்கும் ஓரிடம் என்று பட்டியல் கலந்து இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே குறித்துவிடலாம். தன்னார்வலருக்கும் மாணவருக்கும் வயது வித்தியாசம் இரண்டு மூன்று வருடம்தான். தனிப்பட்ட செய்திகள் இரவு நேரத்தில் போவதாக ஆசிரியை சொன்னார். தவறாக ஒன்றும் நடக்கவில்லை. நடக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம் என்று, ஆசிரியையும் இருக்கும் குழுவில் மட்டுமே செய்தி, நேரில் சந்தித்தால் பள்ளியில் அல்லது இருவராக என்று அன்றே எழுதிவைத்தோம்.

பெற்றோரிடம் பேசியது

பள்ளியில் நடத்திய பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு நாள் வேலையை விட்டு வர முடியாதவர்களை வேலை நாளில் கூப்பிட்டால் அப்படித்தான். பிறகு ஆசிரியையின் சம்மதத்தோடு இருவர் இருவராக வீடுகளுக்குப் போனோம்.

கல்வியின் அவசியத்தை விளக்கத்தான் தயாராகப் போனார்கள். ஒரு வீட்டில் அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “படிக்க வேணாம்னு நான் சொல்லலை தம்பி. கடைசி வகுப்பு முடிஞ்சு இவ கிளம்புற நேரத்துக்கு பஸ் இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க.” போன இருவருக்கும் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்தார்கள்.

அந்த வாரமே ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பக்கத் தாள் தயாரானது. வகுப்பு முடியும் நேரம், அதற்குப் பிறகு எத்தனை பேருந்து, எங்கே மாற வேண்டும், விடுதிக் கதவு மூடும் நேரம், விடுதிக் காப்பாளரின் அலுவலக எண், முதல் மாதத்தில் கையிலிருந்து போகும் மொத்தப் பணம். கல்லூரியின் வளாக அழகு, தரவரிசை எதுவும் அதில் இல்லை. எங்கள் குழு உருவாக்கியதில் அதிகம் பயன்பட்டது இந்தத் தாள்தான் என்பது என் கணிப்பு. அதைத் தயாரிக்க ஒரு தன்னார்வலர் ஒவ்வொரு வழித்தடத்திலும் மாலையில் பயணம் செய்து பார்த்தார். கால அட்டவணையில் இருந்த ஒரு பேருந்து ஓடுவதே இல்லை என்று அப்படித்தான் தெரியவந்தது.

பணத்தில் வேறொரு முடிச்சு இருந்தது. உதவித்தொகை உறுதியானவர்களுக்கும் அது கைக்கு வருவது கல்லூரி திறந்த பிறகுதான். கட்டணத்தின் கடைசி தேதியோ அதற்கு முன்னால். நாமே நிதி திரட்டிக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை வந்தது. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று மேசையில் இருப்பவர்களே முடிவு செய்ய ஆரம்பித்தால் மேசைக்கு வருவதே மாறிப்போகும் என்று அதைக் கைவிட்டோம். பதிலாக, உதவித்தொகை உத்தரவின் நகலோடு கால அவகாசம் கேட்டுக் கல்லூரிகளுக்கு மாணவர் பெயரில் கடிதம் எழுத உதவினோம். பெரும்பாலான கல்லூரிகள் ஒத்துக்கொண்டன. அப்படிக் கேட்கலாம் என்பதே பல வீடுகளுக்குப் புதுச் செய்தி.

முடிவுகள் வந்த பிறகு

பள்ளித் தேர்வு முடிந்தது. தன்னார்வலர்களுக்கும் செமஸ்டர் தேர்வு. சில வாரங்கள் மேசை கிட்டத்தட்ட மூடியே கிடந்தது. பிறகு சேர்க்கை முடிவுகள் வந்தன. பெரும்பாலானோருக்கு ஏதாவது ஓரிடம் கிடைத்திருந்தது. வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்து மழை. தன்னார்வலர்கள் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினார்கள். எங்கள் வேலைத் திட்டமும் அந்தத் தேதியோடு முடிந்திருந்தது.

சில நாள் கழித்து ஆசிரியையிடமிருந்து போன் வந்தது. இடம் கிடைத்த ஒரு மாணவன் ஒரு கிடங்கில் முழுநேர வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகவும், கல்லூரி பற்றிக் கேட்டால் “திறக்கும்போது கூப்பிடுவாங்க மிஸ்” என்கிறான் என்றும் சொன்னார். கல்லூரி கூப்பிட்டு முடித்திருந்தது. இடத்தை ஏற்பதாக ஒரு வாரத்துக்குள் உறுதி செய்யச் சொல்லி மின்னஞ்சல் வந்திருந்தது. அவன் அதைத் திறக்கவே இல்லை. இடம் கிடைத்தது என்றால் சேர்ந்தாகிவிட்டது என்றுதான் அவன் நினைத்திருந்தான். அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் இருந்த வேறொருவருக்குப் போய்விட்டது.

உடனே எல்லோரையும் தனித்தனியாக அழைத்துப் பேசினோம். உறுதி செய்யாதவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். உறுதி செய்துவிட்டு விடுதி விண்ணப்பத்தை விட்டவர்கள் இருந்தார்கள். உடல்தகுதிச் சான்று கேட்கப்பட்டிருப்பதே தெரியாதவர்களும் இருந்தார்கள். பள்ளிக்கு அவர்கள் பழைய மாணவர்கள், கல்லூரிக்கு இன்னும் மாணவர்கள் ஆகவில்லை. யார் பொறுப்பு என்று கேட்டால் காட்ட ஆளில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று பிறகு தெரிந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் பெஞ்சமின் காசில்மேனும் லின்ட்சே பேஜும் இந்த இடைவெளியை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கல்லூரிக்குப் போவதென்று முடிவெடுத்துப் பள்ளியை முடித்தவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர் கல்லூரி திறக்கும்போது அங்கே இருப்பதில்லை என்பது அவர்கள் கணக்கு. ஏழை மாணவர்களிடையே இது இன்னும் அதிகம்.

இரண்டாவது முடிவு: வாரம் ஒரு அழைப்பு

விடுமுறைக்குப் போகாமல் இங்கேயே இருந்த தன்னார்வலர்கள் ஐந்து பேர் மட்டுமே. மாணவர்களை அவர்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். வாரம் ஒருமுறை போனில் ஒரே கேள்வி: “அடுத்த கடைசி தேதி எது, அதுக்கு என்ன வேணும்?” பதில் தெரியாவிட்டால் அப்போதே மின்னஞ்சலைத் திறந்து சேர்ந்து படிப்பது.

குழுவில் ஒரு நினைவூட்டல் செய்தி போட்டால் போதாதா என்ற கேள்வி வந்தது. முந்தைய மாதங்களில் நாங்கள் போட்ட நினைவூட்டல்களுக்கெல்லாம் கட்டைவிரல் குறி விழுந்திருந்தது. அந்தக் குறியைப் போட்டவர்களில்தான் இப்போது தேதி தவறியவர்களும் இருந்தார்கள். ஆய்வுகளும் இங்கே ஒரே குரலில் பேசவில்லை. காசில்மேனும் பேஜும் உள்ளூர் அளவில் அனுப்பிப் பார்த்த குறுஞ்செய்திகள் சில இடங்களில் பலன் தந்தன. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் பெரிய அளவில் செய்து பார்த்து 2021இல் வெளியான இன்னொரு ஆய்வில், செய்திகளால் கல்லூரிச் சேர்க்கையில் மாற்றமே இல்லை. அனுப்புகிறவர் யார், பதில் போட்டால் யாராவது இருக்கிறார்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கிடங்கு வேலைக்குப் போன மாணவனுக்காகச் சேர்க்கை அலுவலகத்தை அணுகியதில் பழைய இடம் கிடைக்கவில்லை. அவன் பட்டியலில் இரண்டாவதாக இருந்த படிப்பில் வேறொரு கல்லூரியின் அடுத்த சுற்றில் இடம் கிடைத்தது. வேலையை விடுவதற்கு வீட்டில் தயக்கம். சம்பளம் வர ஆரம்பித்துவிட்டதே. அவனே கிடங்கு மேலாளரிடம் பேசி, விடுமுறை நாள் வேலையாக மாற்றிக்கொண்டு சேர்ந்தான்.

பெயர்ச் சிக்கல் இருந்த மாணவிக்கு உதவித்தொகை, இடம் இரண்டும் சரியாக வந்து, கடைசி நேரத்தில் உறவினர் ஒருவர் விடுதியைப் பற்றி ஏதோ சொல்ல, அப்பா பின்வாங்கினார். தன்னார்வலர்கள் மீண்டும் போய் வாதாடத் துடித்தார்கள். வேண்டாம் என்று தடுத்தோம். அதே விடுதியில் இருக்கும், அதே பகுதியைச் சேர்ந்த ஒரு மூத்த மாணவியை ஆசிரியை கண்டுபிடித்தார். அவரும் அவர் அம்மாவும் போய் அரை மணி நேரம் பேசினார்கள். அப்பா நேரில் போய் விடுதியைப் பார்த்துவிட்டு வந்து சம்மதித்தார்.

விளைவு

பெரும்பாலானோர் கல்லூரியில் சேர்ந்தார்கள். முந்தைய ஆண்டுகளைவிட இது தெளிவாக அதிகம் என்று பள்ளி சொன்னது. இதில் எங்கள் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்த ஆண்டு மாணவர்களே கொஞ்சம் கெட்டிக்காரர்களாகவும் இருந்திருக்கலாம்.

இரண்டு பேர் சேரவில்லை. ஒருவருக்குத் தேதி கடந்த பிறகுதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். இன்னொரு மாணவி, படுக்கையில் இருந்த பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஓராண்டு வீட்டில் இருப்பதாக அவரே முடிவு செய்தார். இதைத் தோல்வி என்று எழுதுவதா என்று குழுவுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. எல்லா விவரமும் தெரிந்து எடுத்த முடிவு என்பதால் அப்படி எழுதவில்லை. எல்லோருக்கும் இது உடன்பாடல்ல.

சேர்ந்தவர்களில் ஒருவர் முதல் செமஸ்டர் முடியும் முன்பே நின்றுவிட்டார். போகவர ஆகும் பயண நேரத்தைத் தாங்க முடியவில்லை. அவருடைய கல்லூரிக்கு மட்டும் அந்த ஒரு பக்கத் தாள் தயாராகவில்லை.

மாற்ற வேண்டியவை

முதலில் நாட்காட்டி. பள்ளியாண்டோடு முடியும் திட்டம் இந்த வேலைக்குப் பொருந்தாது. இனி கல்லூரியின் முதல் மாதம் முடியும்வரை மேசை இருக்கும். முன்பக்கம் சான்றிதழ் சரிபார்ப்பு இறுதியாண்டின் தொடக்கத்துக்கே போகும். பெயர் பொருந்தாத சிக்கலைத் தீர்க்க வாரங்கள் ஆகும் என்று தெரிந்த பிறகு, அதைக் கடைசி தேதிக்கு முந்தைய மாதத்தில் ஆரம்பிப்பதில் அர்த்தமில்லை.

ஊக்கப் பேச்சை நிறுத்தியாகிவிட்டது. அதன் இடத்தில், போன ஆண்டு சேர்ந்தவர்கள் வந்து முதல் மாதம் எப்படிப் போனது என்று சொல்கிறார்கள். கிடங்கு வேலை மாணவனைக் கூப்பிட்டபோது அவன் தன் போனில் இருந்த அந்தத் திறக்காத மின்னஞ்சலையே காட்டிப் பேசினான்.

தீராத ஒன்று ஆசிரியையின் சுமை. எங்கள் வருகையால் அவருக்கு வேலை குறையவில்லை, கூடியது. வீட்டு வருகைக்கு அனுமதி, குழுவில் மேற்பார்வை, மூத்த மாணவியைத் தேடியது எல்லாம் அவர்தான். இன்னோர் ஆசிரியரையும் இதில் சேர்க்கும்படி பள்ளியிடம் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

தன்னார்வலர் தேர்வும் மாறியிருக்கிறது. எந்தப் பாடம் நன்றாக வரும் என்பதுதான் முன்பு படிவத்தின் முதல் கேள்வி. இப்போது முதல் கேள்வி, செமஸ்டர் விடுமுறையில் வாரம் ஒருமுறை போன் செய்ய முடியுமா என்பது. முடியாது என்பவர்களைக் கணக்கு வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறோம்.